போகிற வழியில் ஒரு தூண்டில்

கடலில் பெரிய மீன் பிடிக்க இரண்டு வழி உண்டு. மீன் வரும் இடத்தில் காத்துக் கிடப்பது ஒன்று. மீன் நம்மைத் துரத்தி வரும்படி ஓடிக்கொண்டே இருப்பது மற்றொன்று. ஓடுகிற படகின் பின்னால் தூண்டிலை இழுத்துக்கொண்டு போகும் இந்த இரண்டாவது முறைக்கு உலகம் முழுக்க ட்ரோலிங் என்று பெயர். துபாயில் கோடிக்கணக்கில் விலை கொடுத்து மோட்டார் யாட் என்னும் சொகுசுப் படகை வாங்கியவரும், உவரிக் கரையில் 9.9 குதிரைத்திறன் எஞ்சின் பூட்டிய ஃபைபர் படகில் போகிறவரும் ஒரே மாதிரி மீன் பிடிப்பது எனக்குத் தெரிந்து இந்த ஒரு முறையில்தான்.

இரண்டு படகிலும் இருந்தவன் என்பதால் இதை எழுதுகிறேன். உவரிக்குத் தெற்கே ஒரு கடற்கரைக் கிராமத்தில் பிறந்தேன். பள்ளிக்கூடக் காலத்திலேயே அப்பாவுடனும் சித்தப்பாவுடனும் கட்டுமரம் ஏறினேன். பிறகு டீசல் மெக்கானிக் படித்துவிட்டு வளைகுடாவுக்குப் போய், அங்கே ஒரு தனியார் யாட்டின் எஞ்சின் அறையில் பல வருஷம் வேலை பார்த்தேன். இப்போது பாளையங்கோட்டையில் குடியிருக்கிறேன். கடற்கரையில் இருக்கும் தம்பியின் படகு இன்னும் என்னைக் கூப்பிட்டுக்கொண்டேதான் இருக்கிறது.

திருநெல்வேலிக்காரர்களில் பலருக்குத் தங்கள் மாவட்டத்தில் கடல் இருப்பதே சட்டென்று நினைவுக்கு வராது. 1986ல் தூத்துக்குடி தனி மாவட்டமாகப் பிரிந்தபோது திருச்செந்தூரும் மணப்பாடும் புன்னைக்காயலும் அந்தப் பக்கம் போய்விட்டன. கூடுதாழை, உவரி, கூத்தங்குழி, இடிந்தகரை, பெருமணல், கூட்டப்புளி என்று தெற்கே ஒரு துண்டுக் கரை மட்டும் நெல்லைக்கு மிஞ்சியது. துண்டுக் கரைதான் என்றாலும், அதற்கு முன்னால் விரியும் கடல் சாதாரணக் கடல் அல்ல. மன்னார் வளைகுடாவும் இந்தியப் பெருங்கடலும் சந்திக்கும் இடம் அது. அங்கிருந்து தென்மேற்கே போனால், கன்னியாகுமரிக்குத் தெற்கே சுமார் 10,000 சதுர கிலோமீட்டருக்குப் பரந்த வாட்ஜ் பேங்க் என்னும் மீன்வளத் திட்டு. 1976ல் இந்தியாவும் இலங்கையும் செய்துகொண்ட ஒப்பந்தத்தில் அந்தத் திட்டு இந்தியாவுடையது என்று உறுதியானது.

இனி முறைக்கு வருவோம். படகு ஓடுகிறது. அதன் பின்னால் இருபது, முப்பது பாகம் தள்ளி ஒரு பொய்யிரை நீரின் மேல்மட்டத்தில் துள்ளிக்கொண்டோ, கொஞ்சம் அமிழ்ந்தோ வருகிறது. கையிரண்டையும் விரித்த நீளம் ஒரு பாகம், ஏறக்குறைய ஆறடி. அந்தப் பொய்யிரை உயிருள்ள மீனைப் போல இருக்க வேண்டும் என்பதுகூட இரண்டாம்பட்சம். பயந்து ஓடும் மீனைப் போல இருக்க வேண்டும், அதுதான் முக்கியம். நெய்மீன், சூரை, பாறை போன்றவை வேட்டை மீன்கள். கண் முன்னால் ஒன்று தப்பி ஓடினால் அவற்றால் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க முடியாது. பசி இல்லாத நேரத்தில்கூட பாய்ந்துவிடும். ஓரிடத்தில் நிற்கும் தூண்டிலைச் சீந்தாத மீன், ஓடும் தூண்டிலில் மாட்டுவதற்குக் காரணம் இதுதான்.

பெயர் ஏறக்குறைய ஒன்றாக இருப்பதால் ட்ராலிங் என்னும் இழுவை மடியோடு இதைக் குழப்பிக்கொள்ளக் கூடாது. விசைப்படகுகள் போடும் அந்த மடி கடலின் தரையை வாரிக்கொண்டு வரும். குஞ்சும் சினையும் நண்டும் சங்கும் எல்லாம் அதில் ஏறும். ஓடும் தூண்டிலில் ஒரு முள்ளுக்கு ஒரு மீன். அதற்கு மேல் வழியே இல்லை.

யாட்டில் இந்த முறை ஏன் இவ்வளவு பிரபலம் என்பதற்கு எஞ்சின்காரனாக எனக்குத் தெரிந்த காரணம் ஒன்று உண்டு. எந்தப் படகும் தண்ணீரைத் தள்ளிக்கொண்டு போகையில் தனக்கென்று ஓர் அலையை எழுப்பும். வேகம் கூடக் கூட அந்த அலையின் நீளமும் கூடும். அது படகின் நீளத்தை எட்டிவிட்டால், படகு தான் கிளப்பிய அலையிலேயே ஏற வேண்டிய நிலைமை வந்துவிடும். அதற்கு மேல் விரட்டினால் டீசல் கொட்டும். வேகம் அந்த அளவுக்கு ஏறாது. நீர்மட்டத்தில் 36 அடி நீளமுள்ள படகுக்கு அந்த எல்லை மணிக்குச் சுமார் 8 கடல் மைல், அதாவது 15 கிலோமீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. ஆகவே நெடுந்தூரம் போகிற, நிதானமான யாட்டுகள் 6 முதல் 8 கடல் மைல் வேகத்திலேயே ஓடும். பொய்யிரைகள் நன்றாக ஆடி ஓடுவதும், பெரும்பாலான வேட்டை மீன்கள் பாய்வதும் அதே வேகத்தில்தான். எனவே, எப்படியும் போகப்போகிற பயணத்தில் தூண்டிலைப் போட்டு வைத்தால் ஒரு சொட்டு எரிபொருள்கூட அதற்கென்று செலவாகாது. மீன் கிடைத்தால் ராத்திரிக்குக் குழம்பு. கிடைக்காவிட்டால் நஷ்டம் ஒன்றுமில்லை.

எங்கள் யாட்டில் பின்தளத்தில் நான்கு தூண்டில் கம்புகள் நிற்கும். இரண்டு பக்கமும் வெளியே நீட்டும் நீளமான கம்புகளில் இரண்டு நூலைக் கொண்டுபோய் மாட்டி, படகின் நுரைப்பாதைக்கு வெளியே தெளிந்த தண்ணீரில் ஓடவிடுவோம். மற்ற இரண்டும் நுரையை ஒட்டி, கிட்டத்தில் ஓடும். நான்கும் நான்கு தூரத்தில் இருக்கும். படகு திரும்பும்போது நூல்கள் ஒன்றோடொன்று பின்னிக்கொள்ளாமல் இருக்க அது வேண்டும். அதோடு, பின்னால் வரும் மீனுக்கு ஒரு சிறு மீன் கூட்டமே சிதறி ஓடுவது மாதிரித் தோன்றும். ஒவ்வொரு பொய்யிரையும் படகு கிளப்பும் பின்னலையின் முகப்பில், கீழிறங்கும் சரிவில் ஓட வேண்டும். அலைமுதுகுக்குப் பின்னால் விழுந்தால் மீனுக்குத் தெரியாது. அரை பாகம் கூட்டிக் குறைத்து அந்த இடத்தைப் பிடிப்பதற்குள் பழக்கமில்லாதவருக்குப் பொறுமை போய்விடும்.

ரீலில் ஒரு பிரேக் உண்டு. நூல் அறுபடும் பாரத்தில் நாலில் ஒரு பங்கிலிருந்து மூன்றில் ஒரு பங்குக்குள் அந்தப் பிரேக்கை வைப்பார்கள். மீன் அதற்கு மேல் இழுத்தால் ரீல் தானாகவே நூலை விடும். நூல் அறாது, மீன்தான் களைக்கும். யாட் தூண்டில்காரர்களின் வித்தை முழுவதும் இந்த ஒரு பிரேக்கில்தான் இருக்கிறது என்றே சொல்வேன்.

எங்கள் கட்டுமரத்தில் ரீலும் கிடையாது, பிரேக்கும் கிடையாது. கைதான் ரீல், விரலிடுக்கில் வழியும் தங்கூசி என்னும் நைலான் நூல்தான் பிரேக். காற்று நன்றாக இருக்கும் நாளில் பாய் விரித்து மரம் ஓடும்போது, அப்பா தங்கூசியைத் துடுப்பில் ஒரு சுற்றுச் சுற்றி, மிச்சத்தைக் கால் பெருவிரலில் தொட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பார். பாய்மரத்தின் வேகம் காற்றின் கையில். வேகம் குறைந்தால் பொய்யிரை அமிழும், கூடினால் மேலே துள்ளும். அதற்குத் தக்கபடி நூலை நீட்டியும் குறைத்தும் அவர் சமாளித்தார். நைலான் வருவதற்கு முன்னால் தாத்தா காலத்தில் பருத்திக் கயிற்றிலேயே இதைச் செய்தார்கள். கட்டுமர வாழ்க்கையை உள்ளிருந்து அறிய விரும்புகிறவர்கள் உவரியில் பிறந்த ஜோ டி குரூஸின் ‘ஆழி சூழ் உலகு’ நாவலைப் படிக்க வேண்டும். 2004ல் வந்தது. எங்கள் வீட்டில் அதை வாய்விட்டுப் படிக்கச் சொல்லிக் கேட்ட பெரியவர்கள் உண்டு.

இப்போது கட்டுமரங்கள் அரிதாகிவிட்டன, ஃபைபர் படகுகள்தான். ஆனால் யாட்டின் கணக்கு இங்கேயும் பொருந்தும். சாயங்காலம் பருவலை விரிக்கப் போகும் படகு எப்படியும் ஒரு மணி நேரம், ஒன்றரை மணி நேரம் ஓடியாக வேண்டும். விடியற்காலையில் வலையை ஏற்றிக்கொண்டு அதே தூரம் திரும்ப வேண்டும். மண்ணெண்ணெய் எரிந்துகொண்டுதான் இருக்கிறது. அந்த ஓட்டத்தில் ஒரு நூலைப் பின்னால் விட்டு வைத்தால், வலையில் ஒன்றும் விழாத நாளிலும் வீட்டுக்குக் கொண்டுபோக ஒரு மீன் கிடைக்க வாய்ப்புண்டு. விடியலும் அந்தியும் வேட்டை மீன்கள் மேலே வரும் நேரம் என்பதால், இந்தப் போக்குவரத்து அவற்றுக்குத் தோதாகவே அமைந்துவிட்டது.

கடையில் விற்கும் ஜப்பான், பின்லாந்துப் பொய்யிரைகளைத் துபாயில் விதவிதமாகப் பார்த்திருக்கிறேன். சித்தப்பா செய்வதற்கு இணையான ஒன்றைப் பார்த்ததில்லை என்று நெஞ்சைத் தொட்டுச் சொல்வேன். பழைய வெள்ளை நைலான் கயிற்றில் ஒரு சாண் நறுக்குவார். முறுக்கைப் பிரித்துப் பழைய சீப்பால் வாரி நாரை மெல்லிசாக்குவார். ஓட்டை போட்ட சிறிய ஈயக்குண்டை மேலே வைத்து, நாரை அதன் கழுத்தில் சுற்றிப் பச்சையும் சிவப்புமாக இரண்டு நூலால் இறுக்கிக் கட்டுவார். பால்பவுடர் டப்பாவின் உள்மூடித் தகட்டில் இரண்டு மெல்லிய கீற்று வெட்டி நாருக்குள் செருகுவார்; வெயில் பட்டால் அது மீன் செதிலாக மின்னும். ஈயத்தின் ஓட்டை வழியே ஒரு முழம் எஃகுக் கம்பி. கம்பியின் முனையில் நாருக்குள் மறையும்படி ஒற்றை முள். கம்பி கட்டாயம். நெய்மீனின் வாயில் இருப்பது கத்தரிக்கோல்; வெறும் தங்கூசியைக் கண நேரத்தில் வெட்டிக்கொண்டு போய்விடும். கம்பிக்கும் தங்கூசிக்கும் நடுவே சுழலும் பித்தளை இணைப்பு ஒன்று உண்டு. அது இல்லாவிட்டால் பொய்யிரை சுழலச் சுழல நூல் முழுதும் முறுக்கேறி, கடைசியில் அவிழ்க்க முடியாத சிக்காகிவிடும். நிஜ இரை கிடைக்கும் நாளில் முரல் மீனை முழுசாகக் கோத்து இழுப்பதும் உண்டு.

என்னென்ன மாட்டும்? முதல் மரியாதை நெய்மீனுக்கு. சென்னையில் வஞ்சிரம், இலங்கைத் தமிழர்களுக்கு அறுக்குளா, வளைகுடாவில் கனாட். தூண்டிலில் பிடித்த நெய்மீனுக்கான உலக சாதனை 1982ல் தென்னாப்பிரிக்காவின் நட்டால் கடலில் பதிவானது: 44.9 கிலோ. விளையாட்டுத் தூண்டிலுக்கென்று 1939ல் தொடங்கிய சர்வதேசச் சங்கம்தான் இந்தக் கணக்குகளை வைத்திருக்கிறது. அடுத்தது சூரை. சூரை வகைகள் நீந்துவதை நிறுத்தவே முடியாதவை. வாயைத் திறந்துகொண்டு முன்னேறிப் போனால்தான் செவுள் வழியே தண்ணீர் ஓடி அவற்றுக்கு மூச்சு வரும். அதனால் ஓடும் இரைக்கும் சூரைக்கும் இயல்பிலேயே பொருத்தம். பாறை, கட்டா, சீலா, கடல் விரால் இவையும் வரும். ஆழத்துக்குப் போனால், முதுகுத் துடுப்பை விரித்துக்கொண்டு பாயும் மயில் மீன். அது வந்துவிட்டால் படகில் இருப்பவர்கள் எல்லோருக்கும் பேச்சு நின்றுவிடும்.

ஓடும் தூண்டில் என்றாலும் குருட்டாம்போக்கில் ஓடுவதல்ல. எங்கே ஓடுவது என்பதில்தான் அனுபவம். முதலில் பார்க்க வேண்டியது ஆலாப் பறவைகளை. ஆலா கூட்டமாக ஓரிடத்தில் தாழ்ந்து தாழ்ந்து கொத்தினால், கீழே சிறு மீன் கூட்டம் மேலே நெருக்கப்பட்டிருக்கிறது, அதை நெருக்கும் பெரிய மீன் அதற்கும் கீழே இருக்கிறது என்று அர்த்தம். அப்போது கூட்டத்தின் நடுவே படகைவிட்டால் எல்லாம் சிதறிப் போகும். ஓரமாகச் சுற்றிப் போக வேண்டும். பொய்யிரை மட்டும் கூட்டத்தின் விளிம்பைத் தொட வேண்டும்.

அடுத்தது பார். கடலடியில் எழும்பி நிற்கும் பாறைத் திட்டுக்கு அதுதான் பெயர். நீரோட்டம் அதில் மோதி மேலே எழும்; சிறு மீன் அங்கே கூடும்; அதைத் தேடி வேட்டை மீன் வரும். ஜி.பி.எஸ். வருவதற்கு முன்னால் எங்கள் ஆட்கள் பாரைக் கணியம் பார்த்தே கண்டுபிடித்தார்கள். கரையில் இரண்டு அடையாளங்கள் ஒரு கோட்டில் வர வேண்டும்; வேறொரு திசையில் இன்னும் இரண்டு ஒரு கோட்டில் வர வேண்டும்; இரண்டு கோடும் வெட்டும் இடம்தான் பார். வடக்கே மணப்பாட்டுக் குன்றும் அதன் மேல் நிற்கும் திருச்சிலுவைக் கோயிலும், நேரே உவரிக் கோயில் கோபுரம், மேற்கே மகேந்திரகிரி மலை. இப்போது கூடங்குளம் அணு உலைகளின் குவிமாடங்களும் பிள்ளைகளின் கணியத்தில் சேர்ந்துவிட்டன. கைபேசியில் இடத்தைக் குறித்து வைத்திருக்கும் தம்பி, பேட்டரி தீர்ந்துவிட்டால் இன்றைக்கும் மலையைத்தான் பார்க்கிறான்.

மூன்றாவது, தண்ணீரின் நிறம். இங்கேதான் தாமிரபரணி கதைக்குள் வருகிறது. பொதிகையில் பிறந்து, பாபநாசம், அம்பாசமுத்திரம், சேரன்மகாதேவி, நெல்லை, ஸ்ரீவைகுண்டம், ஆத்தூர் என்று ஓடி, புன்னைக்காயலில் கடலைச் சேரும் ஆறு. ஐப்பசி, கார்த்திகை மழையில் ஆறு பெருகினால் முகத்துவாரத்திலிருந்து கலங்கல் கடலுக்குள் வெகுதூரம் போகும். கலங்கலும் தெளிவும் சந்திக்கும் இடத்தில் ஒரு கோடு விழும். இந்தப் பக்கம் செம்மண் நிறம், அந்தப் பக்கம் நீலம். நடுவே நுரை, சருகு, வாழைத்தண்டு, மிதக்கும் கட்டை. ஆறு கொண்டுவந்த சத்தில் நுண்ணுயிர் பெருகும், அதைத் தின்னச் சாளை வரும், சாளையைத் தின்ன நெய்மீன் வரும். நெய்மீனுக்குக் கலங்கல் பிடிக்காது. தெளிந்த பக்கத்தில் நின்றுகொண்டு விளிம்பிலிருந்து வெளியே வருவதைப் பிடிக்கும். எனவே படகு கோட்டுக்கு இணையாக, தெளிந்த பக்கத்தில் ஓட வேண்டும். 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை கொட்டி ஆறு பெருகி ஊர்களை முழுங்கியபோது, கரையே தெரியாத தூரம்வரை கடல் மண் நிறத்தில் கிடந்தது. அந்த வெள்ளத்தில் உயிரும் உடைமையும் இழந்தவர்களை மறந்துவிட்டு மீன் பேச்சுப் பேச எனக்கு மனம் வராது. ஆனால் ஆற்று நீர் கடலுக்குப் போவதை ‘வீண்’ என்று மேடையில் பேசுகிறவர்கள், ஒருமுறையாவது அந்தக் கோட்டின் ஓரமாகப் படகில் வந்து பார்க்க வேண்டும்.

கடலின் மேற்பரப்பு வெப்பத்தையும் பச்சையத்தையும் செயற்கைக்கோளில் அளந்து, மீன் கூடக்கூடிய இடங்களை ஹைதராபாத்தில் உள்ள இன்காய்ஸ் நிறுவனம் தமிழிலும் அறிவிக்கிறது. அந்த வரைபடத்தில் வெப்ப நீரும் குளிர்ந்த நீரும் சந்திக்கும் கோடுகளைப் பார்த்தால், எங்கள் பெரியவர்கள் நீவாடு என்னும் நீரோட்டத்தைப் பார்த்துச் சொன்னதையே வானத்திலிருந்து வரைந்து காட்டியது மாதிரி இருக்கும். இளைஞர்கள் இரண்டையும் சேர்த்துப் பார்க்கக் கற்றுக்கொண்டிருக்கிறார்கள். அதில் எனக்குப் பெரிய மகிழ்ச்சி.

மீன் அடிக்கும் கணத்தைப் பற்றிச் சொல்லாமல் போனால் இந்தக் கட்டுரை குறை. முன்னறிவிப்பே கிடையாது. அரை நாள் சும்மா இருந்த நூல் திடீரென்று விறைத்து, சுற்றிய துடுப்பு கிரீச் என்று முனகும். புதிதாக வந்தவர் முதலில் செய்வது எஞ்சினை நிறுத்துவது. நிறுத்தினால் நூல் தளரும். தளர்ந்த நூலில் நெய்மீன் தலையை ஓர் உதறு உதறினால் முள் கழன்றுவிடும். இளவயதில் எனக்குப் பின்னாலிருந்து சித்தப்பா போட்ட சத்தம் இன்னும் காதில் இருக்கிறது: “ஏல, நிறுத்தாதல! மரம் ஓடட்டும். நூலத் தளர விடாத, அது இழுத்தா விடு, நின்னா இழு.” யாட்டில் வெளிநாட்டுக் கேப்டன் இங்கிலீஷில் சொல்லிக்கொடுத்ததும் இதே பாடம்தான். முள் நன்றாகப் பதியும்வரை சில நொடி அதே வேகத்தில் ஓட வேண்டும். மற்ற நூல்களை உள்ளே இழுக்க வேண்டும். பிறகே வேகத்தைக் குறைக்க வேண்டும்.

நெய்மீனின் முதல் ஓட்டம் பயங்கரமானது. அப்போது நூலை எதிர்த்துப் பிடித்தால் விரலை அறுத்துவிடும். கைக்குத் துணியோ உறையோ இல்லாமல் ஓடும் தங்கூசியைத் தொடவே கூடாது. கையில் சுற்றிக்கொள்வது அதைவிட ஆபத்து. அதன் முதல் ஓட்டத்தையும் இரண்டாவது ஓட்டத்தையும் விட்டுக்கொடுத்தால் மூன்றாவதில் மீன் வளைந்து வர ஆரம்பிக்கும். நீலமும் வெள்ளியுமாகப் பக்கம் பளபளக்க, படகின் ஓரத்தில் வரும்போதுதான் பாதிப் பேர் மீனை விடுகிறார்கள். அவசரப்பட்டு நூலைப் பிடித்துத் தூக்குவார்கள். மீனின் எடை முழுவதும் முள்ளின் மேல் விழுந்து வாய் கிழிந்து போகும். நீளக் கம்பில் மாட்டிய கொக்கியைத் தலைக்குப் பின்னால் கொடுத்து ஒரே வீச்சில் உள்ளே எடுக்க வேண்டும். எடுத்ததும் கட்டையால் தலையில் ஓர் அடி. மீனுக்கும் வேதனை நீளாது. படகிலிருப்பவர்களின் காலும் தப்பிக்கும்.

பிறகு செய்வது அதைவிட முக்கியம் என்பது என் கருத்து. உடனே செவுளை அறுத்து ரத்தத்தை வடியவிட்டு, ஐஸில் புதைக்க வேண்டும். சூரையையும் நெய்மீனையும் வெயிலில் போட்டு வைத்தால், சதையில் உள்ள ஹிஸ்டிடின் என்னும் பொருளைக் கிருமிகள் ஹிஸ்டமினாக மாற்றிவிடும். சாப்பிட்ட கொஞ்ச நேரத்தில் முகம் சிவந்து, தலை வலித்து, உடம்பெல்லாம் தடிக்கும். எவ்வளவு கொதிக்க வைத்தாலும் அந்த விஷம் போகாது. வலையில் ராத்திரி முழுக்கச் செத்துக் கிடந்த மீனுக்கும், தூண்டிலில் உயிரோடு ஏறி உடனே ஐஸுக்குப் போன மீனுக்கும் சதையிலேயே வித்தியாசம் தெரியும். எங்கள் அம்மா துண்டைக் கையில் எடுத்ததும் சொல்லிவிடுவார்.

கடலுக்குச் சட்டம் உண்டு. அதைத் தெரியாமல் தூண்டில் போடக் கூடாது. ராமேஸ்வரத்திலிருந்து தூத்துக்குடிவரை 21 தீவுகளும் சுற்றியுள்ள கடலும் 1986 முதல் கடல்சார் தேசியப் பூங்கா. தூத்துக்குடிக்கு அருகில் உள்ள வான் தீவும் அதில் அடக்கம். அங்கே எந்த வகை மீன்பிடிப்பும் தடை. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் நம் கிழக்குக் கரையில் விசைப்படகுகளுக்குத் தடைக்காலம். பாரம்பரியப் படகுகளுக்கு அதில் விலக்கு உண்டு. அந்த இரண்டு மாதமும் சந்தைக்கு நல்ல மீன் கொடுப்பது பெரும்பாலும் இந்தப் படகுக்காரர்கள்தான்.

கடலின் சட்டம் அதைவிடக் கடுமையானது. தென்மேற்குப் பருவக் காலத்தில் கச்சான் காற்று கரையிலிருந்து கடலை நோக்கி அடிக்கும்; எஞ்சின் நின்றுபோன சிறு படகை அது வெளிக்கடலுக்குக் கொண்டுபோய்விடும். தெற்கே ஆயிரக்கணக்கான மைல் தள்ளி எழும் புயலின் அலைகள், இங்கே காற்றே இல்லாத நாளில் கரையேறி வருவது கள்ளக்கடல். 2017 நவம்பர் 30 அன்று ஒக்கி புயல் கன்னியாகுமரிக் கரையில் எத்தனை வீடுகளை இருட்டாக்கியது என்பதை இந்தப் பக்கம் யாரும் மறக்கவில்லை. உயிர்காப்பு உடையும், தகவல் கருவியும், மாற்று எஞ்சினோ குறைந்தபட்சம் பாயும் துடுப்புமோ இல்லாமல், மீன் ஆசையில் கரையைவிட்டு வெகுதூரம் போகாதீர்கள். யாட்டில் போகிறவருக்கும் இதையேதான் சொல்வேன்.

யாட் என்றதும் ஓர் ஏக்கம் எழுகிறது. கொச்சியில் போல்காட்டித் தீவில் யாட் நிறுத்தும் மரினா இருக்கிறது. நெல்லைக் கரையில் ஃபைபர் படகை அலையடிக்காமல் நிறுத்தவே இடம் போதவில்லை. கடல் அரித்துக் கரை குறுகிக்கொண்டே வருகிறது; அலையைத் தடுக்கும் தூண்டில் வளைவு கேட்டு ஊர் ஊராகப் போராடுகிறார்கள். முதலில் வர வேண்டியது அந்த வளைவுகள்தான். அதற்குப் பிறகு, விருந்தினரை அழைத்துப்போய் ஓடும் தூண்டில் காட்டும் படகுத் தொழிலும் இங்கே வரட்டும். மீன்பிடிக்கப் பதிவு செய்த படகு வேறு, பயணிகளுக்கான படகு வேறு. அதற்குரிய அனுமதியும் காப்பீடும் பயிற்சியும் எங்கள் பிள்ளைகளுக்குக் கிடைக்க வேண்டும். வளைகுடாவிலும் மாலத்தீவிலும் அடுத்தவர் படகில் கூலிக்கு நின்று இந்த வித்தையை வெளிநாட்டுக்காரருக்குச் செய்து கொடுப்பவர்களில் எங்கள் கரையின் பிள்ளைகள் பலர். சொந்தக் கடலில், சொந்தப் படகில் அவர்கள் அதைச் செய்ய வேண்டும் என்பதே என் விருப்பம். வெளியாள் முதலீட்டோடு வந்து, எங்கள் ஆட்களைக் கூலிக்கு நிறுத்தும் திட்டமாக அது போய்விடக் கூடாது.

நம் நாட்டில் நெய்மீனின் பெரும்பங்கு செவுள்வலைகளில் பிடிபடுகிறது. வலைக்காரரைக் குறை சொல்ல நான் யார்? என் தம்பியும் வலைதான் விரிக்கிறான். ஆனால் சின்ன நெய்மீன் கூட்டமாகச் சந்தைக்கு வருவதைப் பார்க்கும்போது வயிறு எரிகிறது. சுமார் 70 சென்டிமீட்டர் நீளம் வந்த பிறகுதான் நெய்மீன் முதன்முதலாக முட்டையிடும். அதற்கு முன்னால் பிடித்துத் தின்றால், அந்த மீனோடு அதன் வம்சத்தையும் சேர்த்துத் தின்கிறோம். ஓடும் தூண்டிலில் சிறு மீன் ஏறினால் முள்ளைக் கழற்றி உயிரோடு விட முடியும். வலையில் அந்த வாய்ப்பு அநேகமாக இல்லை.

வாசகர்களிடம் ஒரு வேண்டுகோள். பாளையங்கோட்டைச் சந்தையிலோ, டவுனிலோ நெய்மீன் வாங்கும்போது, “தூண்டில் மீனா, வலை மீனா?” என்று ஒரு வார்த்தை கேளுங்கள். தூண்டில் மீனுக்குக் கிலோவுக்குக் கொஞ்சம் கூடக் கேட்டால் கொடுங்கள். அது படகுக்காரர் வீட்டுக்குப் போய்ச் சேரும். முழங்கை நீளமே உள்ள நெய்மீன் எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் வாங்காதீர்கள்.